ஆயாவுக்கு எத்தனை புத்தாண்டு?

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஓர் ஆயா இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். அவருடைய மூத்த மகன் பாரிஸ் நகரில் வேலை பார்க்கிறார். மகள் இந்துமாக்கடலில் உள்ள ரேயூனியன் தீவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இளைய மகன் குடும்பத்தோடு ஆயா இங்கே இருக்கிறார்.

டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆயா சரியாகத் தூங்குவதில்லை. பன்னிரண்டு மணிக்கு விழுப்புரம் சாலையில் பட்டாசு வெடிக்கும். தெருப்பிள்ளைகள் 'ஹாப்பி நியூ இயர்' என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். ஒன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும், அது ரேயூனியன். அதன் பிறகு ஆயா கொஞ்சம் கண்ணயர்வார். நாலரை மணிக்கு மறுபடியும் மணி அடிக்கும், அது பாரிஸ். 'போன் ஆனே, அம்மா!' என்பார் மகன். 'நல்ல ஆண்டாகட்டும்' என்பது அந்தப் பிரெஞ்சுச் சொற்களின் பொருள். 'போன் ஆனே, ராசா, நல்லா இரு' என்று சொல்லிவிட்டு ஆயா கோலம் போடப் போய்விடுவார். இப்படி ஒரே இரவில் அந்த வீட்டுக்கு மூன்று முறை புத்தாண்டு பிறக்கும்.

ஒரு பொங்கலன்று ஆயாவின் பேரன் என்னிடம் வந்தான். பதினோராம் வகுப்பு மாணவன். முகம் வாடியிருந்தது. பாரிஸ் பெரியப்பாவின் மகன் காலையில் தொலைபேசியில் பேசியபோது, 'இன்றைக்கு என்ன பண்டிகை?' என்று கேட்டானாம். 'சூரியன் வடக்கே திரும்புகிற நாள்' என்று இவன் சொல்லியிருக்கிறான். 'அது டிசம்பர் 21 அல்லது 22 என்றுதானே எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது? உங்கள் சூரியன் மூன்று வாரம் தாமதமா?' என்று அவன் சிரித்துவிட்டானாம்.

'சார், நாம தப்பான நாளில் கொண்டாடுறோமா?' என்று கேட்டான் பையன்.

கேள்வி சின்னது, ஆனால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியாது. அன்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

மூன்று நள்ளிரவுகள்

முதலில் ஆயாவின் தொலைபேசியைக் கவனிப்போம். இது எளிது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 பாகை. ஆகவே கிழக்கே உள்ள ஊருக்கு நள்ளிரவு முன்னால் வருகிறது. மேற்கே போகப் போகப் பிந்துகிறது. இந்திய நேரத்துக்கு ரேயூனியன் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. பாரிஸ் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்தங்கியது. நமக்குப் பன்னிரண்டு அடிக்கும்போது பாரிஸில் டிசம்பர் 31 மாலை ஏழரை மணிதான். கடைகூட இன்னும் சாத்தியிருக்க மாட்டார்கள்.

உண்மையில் நம்முடைய பன்னிரண்டு மணியும் நம்முடையதல்ல. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டுக்கு உரியது. புதுச்சேரி ஏறத்தாழ 79.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், நாம் 11 நிமிடம் முந்திக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறோம் என்று தெரியும்!

எல்லோருக்கும் முன்னால் புத்தாண்டைக் காண்பவர்கள் பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி நாட்டின் கிழக்குத் தீவினர். சமோவா நாடு 2011ஆம் ஆண்டில் டிசம்பர் 30ஆம் நாளையே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியது. பக்கத்திலேயே உள்ள அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டது. அண்டைத் தீவுகள்தாம், ஆனால் ஒன்றில் வாழ்த்துச் சொல்லி ஒரு முழு நாள் கழிந்த பிறகே மற்றொன்றில் சொல்கிறார்கள்.

சொல்லும் முறையும் இடத்துக்கு இடம் வேறு. பிரெஞ்சுக்காரர் ஆண்டு பிறக்கும் முன் 'போன் ஆனே' என்று சொல்லுவதில்லை. டிசம்பர் கடைசியில் கண்டால் 'ஆண்டின் முடிவு நன்றாகட்டும்' என்றுதான் சொல்வார்கள். பிறந்துவிட்டாலோ ஜனவரி மாதம் முடியும் வரை வாழ்த்து அட்டை அனுப்பலாம். யாரும் தாமதம் என்று நினைக்க மாட்டார்கள். ஆண்டுக் கடைசியில் அங்கே தபால்காரர் நாட்காட்டியோடு வீடு வீடாக வருவார். மக்கள் விரும்பிய தொகையைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். நம் ஊர்த் தபால்காரருக்குத் தீபாவளி இனாம் கொடுப்பது போலத்தான். ரேயூனியனிலும் பிரெஞ்சு மொழிதான், 'போன் ஆனே'தான். ஆனால் அந்தத் தீவு தெற்கு அரைக்கோளத்தில் 21ஆம் பாகையில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அங்கே நல்ல கோடையில் வரும். லிச்சிப் பழம் பழுத்துக் குலுங்கும் காலம் அது. பாரிஸ் மகன் கம்பளிச் சட்டையோடு பேசும் அதே இரவில் மகள் விசிறியோடு பேசுகிறாள்.

புதுச்சேரியில் ஜனவரி, கடலூரில் டிசம்பர்

நேரம் மாறுவது சரி, தேதியே மாறுமா? மாறியிருக்கிறது. அதுவும் நம் ஊர் எல்லையிலேயே.

பழைய ரோமானிய நாட்காட்டியான ஜூலியன் நாட்காட்டி, ஆண்டுக்கு 365¼ நாள் என்று வைத்துக்கொண்டது. பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆகும் காலமோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 வினாடி. வித்தியாசம் 11 நிமிடம் 14 வினாடிதான். ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டில் பிழை பத்து நாளாகிவிட்டது. 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி திருத்திய நாட்காட்டியை வெளியிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே டிசம்பர் 9க்கு மறுநாள் 20ஆம் தேதி. இங்கிலாந்தோ போப்பாண்டவரின் அதிகாரத்தை ஏற்காத நாடு. கணக்கு சரி என்று தெரிந்தும் 170 ஆண்டுகள் பிடிவாதமாக இருந்து, 1752இல்தான் இணங்கியது. அப்போது செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று பதினொரு நாட்களைத் தள்ளவேண்டி வந்தது.

இப்போது தேசப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1674இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினர். 1690இல் ஆங்கிலேயர் கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையை வாங்கினர். இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் அளவுதான். ஒரு காலை நடை. ஆனால் அந்த நடையில் தேதி பத்து நாள் பின்னால் போய்விடும். 1700க்குப் பிறகு பதினொரு நாள்!

புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது கடலூர்க் கோட்டையில் டிசம்பர் 14. கோட்டைக்காரர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது புதுச்சேரியில் ஜனவரி 5. கிறிஸ்துமஸ் வாழ்த்தும் முடிந்து புத்தாண்டு வாழ்த்தும் முடிந்து, மறுநாள் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளை எதிர்பார்த்திருப்பார்கள். (பிரான்சில் இந்தத் திருநாளுக்கு ஒரு பணியாரம் உண்டு. அதற்குள் ஒரு சிறு பொம்மையோ அவரையோ ஒளித்துவைத்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர்தான் அன்றைய ராஜா.) இதற்கு மேல் ஒரு குழப்பம்: இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு தொடங்கும் நாள் மார்ச் 25. ஆகவே ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு கோட்டைகளுக்கும் தேதி மட்டுமல்ல, ஆண்டே வேறு.

கொஞ்சம் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். அவர்கள் 1700 வரை பழைய கணக்கு. அந்த ஆண்டு பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக, நம்முடைய சோழமண்டலக் கரையில் கப்பல் ஓட்டியவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் தேதியை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினால் இதன் தடயம் இன்றும் அகப்படும். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஒரு புத்தகத்தில் செப்டம்பர் 21 என்றும், இன்னொன்றில் செப்டம்பர் 10 என்றும் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். பிடித்தவர்களின் தேதி ஒன்று, பறிகொடுத்தவர்களின் தேதி மற்றொன்று!

அந்தக் காலத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் ஆளுநரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதில் தமிழ் ஆண்டு, மாதம், தேதியும் இருக்கும். ஐரோப்பியத் தேதியும் இருக்கும். அவர் எழுதத் தொடங்கியது நள ஆண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆண்டுச் சித்திரை முதல் நாள் பிரெஞ்சுத் தேதிப்படி ஏப்ரல் 9ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். கடலூர்க் கோட்டையில் அதே நாளுக்கு மார்ச் 29 என்று பெயர். இரண்டு ஊர்களின் வெள்ளைக்காரர்களுக்கும் தேதி ஒத்துப்போகவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழருக்கும் அந்தப் பக்கத்துத் தமிழருக்கும் சித்திரை ஒன்றுதான். இதைச் சொன்னபோது பையன் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

(பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் பத்து நாளை ஒரு வாரமாக்கி இன்னொரு நாட்காட்டி கொண்டுவந்தார்கள். 1806இல் அது கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் நம் ஊர் அந்தச் சங்கடத்திலிருந்து தப்பியது.)

பழைய ஜூலியன் கணக்கு இன்னும் முற்றிலும் மறையவில்லை. ரஷ்யாவின் திருச்சபை இன்றும் அதன்படியே டிசம்பர் 25ஐக் கொண்டாடுகிறது. இப்போது வித்தியாசம் 13 நாள் ஆகிவிட்டதால், நம் நாட்காட்டியில் அது ஜனவரி 7. கி.பி. 2100க்குப் பிறகு வித்தியாசம் 14 நாளாகும். 2101இல் அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 8இல் வரும். உக்ரைன் நாடு 2023இல் சட்டம் இயற்றி டிசம்பர் 25க்கு மாறிக்கொண்டது. தேதி என்பது வானியல் மட்டுமல்ல, 'நான் யார் பக்கம்' என்பதும் அதில் இருக்கிறது.

ஒரே அரசு, மூன்று வருடப் பிறப்பு

வெளிநாட்டுக் கதை போதும். புதுச்சேரி அரசின் ஆட்சி நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும் ஊர்கள். மாஹே மலையாளக் கரையில். ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில். இந்த நான்குக்கும் வருடப் பிறப்பு ஒரே நாளில் வருவதில்லை.

ஏனாமில் யுகாதி. அது சந்திரனைப் பார்த்து வைத்த நாள். சித்திரை மாத வளர்பிறையின் முதல் நாள். சந்திரனின் பன்னிரண்டு மாதம் 354 நாள்தான். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் பண்டிகை பருவம் மாறி ஓடிவிடும். ஆகவே இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு முறை ஏறத்தாழ ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறார்கள். அதனால் யுகாதி மார்ச்சிலும் ஏப்ரல் முற்பகுதியிலுமாக முன்னும் பின்னும் ஆடுகிறது. இஸ்லாமிய நாட்காட்டியில் இந்தச் சேர்க்கை கிடையாது. ஆகவே ரமலான் ஆண்டுக்கு 11 நாள் முன்னேறி, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. காரைக்காலில் 'ஈத் முபாரக்' சொல்வதற்கு ஒரு நாள் முன்பே அரபு நாட்டிலிருந்து அந்த வாழ்த்து வந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிறை சூரியனை விட்டு மணிக்கு அரைப் பாகை வீதம் விலகிப் போகிறது. மக்காவில் நமக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் சூரியன் மறைகிறது. அதற்குள் பிறை இன்னும் ஒரு பாகைக்கு மேல் விலகிச் சற்றுத் தடித்துவிடும். நம் வானில் தெரியாத பிறை அங்கே தெரிவதற்கு இது ஒரு காரணம்.

மாஹேயின் விஷுவும் நம் சித்திரைப் பிறப்பும் சூரியனைப் பார்த்து வைத்தவை. இரண்டும் சூரியன் மேஷ ராசியில் நுழையும் நேரத்தைத்தான் கொள்கின்றன. இருந்தும் 2023இல் நமக்கு ஏப்ரல் 14, மாஹேக்கு ஏப்ரல் 15. ஏன்? சூரியன் ராசிக்குள் நுழைவது ஒரு கணம். ஆனால் பண்டிகைக்கு ஒரு நாள் வேண்டும். அந்தக் கணம் சூரியன் மறையும் முன் வந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கம். பகலின் முப்பது நாழிகையில் பதினெட்டு நாழிகைக்குள், அதாவது சுமார் பகல் 1 மணி 12 நிமிடத்துக்குள் வந்தால்தான் அன்று, இல்லையேல் மறுநாள் என்பது மலையாள வழக்கம். 2023இல் அந்தக் கணம் பிற்பகலில் வந்தது. அவ்வளவுதான் சங்கதி. வங்காளத்தில் நள்ளிரவைக் கொண்டு தீர்மானிப்பதால் கல்கத்தாவில் பெரும்பாலும் ஏப்ரல் 15. வங்கதேசமோ ஏப்ரல் 14 என்று நிலையாக வைத்துவிட்டது.

இலங்கையில் இதே வருடப் பிறப்பைச் சிங்களரும் தமிழரும் சேர்ந்து கொண்டாடுகிறார்கள். 'சுப அலுத் அவுருத்தக் வேவா' என்பது சிங்கள வாழ்த்து. அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் நடுவே 12 மணி 48 நிமிடம் எந்த ஆண்டுக்கும் சேராத நேரம். அப்போது அடுப்புப் பற்றவைப்பதில்லை. வேலை எதுவும் செய்வதில்லை. இந்த 12 மணி 48 நிமிடம் எங்கிருந்து வந்தது? சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டு. அதன் விட்டம் நம் கண்ணுக்கு 32 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). நட்சத்திரங்களின் நடுவே சூரியன் நாளொன்றுக்குச் சுமார் 60 கலை நகர்கிறது. எனவே எல்லைக்கோட்டை வட்டின் முன்விளிம்பு தொட்டது முதல் பின்விளிம்பு கடக்கும் வரை 32/60 நாள் ஆகும். 24ஆல் பெருக்கிப் பாருங்கள்: 12.8 மணி; அதாவது 12 மணி 48 நிமிடம்! சடங்கு என்று நாம் கடந்துபோகும் ஒன்றுக்குள் சூரியனின் விட்டம் இத்தனை துல்லியமாக ஒளிந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

தாய்லாந்தில் இதே நாட்களில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். பண்டிகையின் பெயர் 'சொங்க்ரான்'. நம் 'சங்கராந்தி'தான் கடல் கடந்து போய் அப்படி ஆகியிருக்கிறது. ரேயூனியன் தமிழர்களும் ஏப்ரலில் தமிழ் வருடப் பிறப்பைக் கொண்டாடுகிறார்கள். ஆயாவின் மகளுக்கு அது இலையுதிர்காலம். நமக்கு வெயில் ஏறும் காலம்.

அப்படியானால் சூரியன் எப்போது திரும்புகிறது?

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். பாரிஸ் பிள்ளை சொன்னது சரி. சூரியன் தெற்கே அதிக தூரம் போய்த் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள்தான். இதில் வாதம் இல்லை. யாரையும் நம்பவேண்டாம், ஒரு குச்சி போதும்.

சரியாக ஒரு மீட்டர் நீளக் குச்சியை மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். நடுப்பகலில் அதன் நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது அளந்து குறியுங்கள். புதுச்சேரியில் டிசம்பர் 22ஆம் நாள் அது ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் இருக்கும். ஆண்டிலேயே மிக நீண்ட நடுப்பகல் நிழல் அதுதான். பொங்கலன்று அளந்தால் 66 சென்டிமீட்டர். அதாவது பொங்கலுக்குள் சூரியன் திரும்பி, வடக்கே இரண்டு பாகை வந்தும்விட்டது.

பிறகு நம் முன்னோர் ஏன் தை முதல் நாளை வைத்தார்கள்? அவர்கள் தவறாகப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன், சூரியன் மகர ராசியின் எல்லையை அடைவதும் வடக்கே திரும்புவதும் ஒரே நாளில் நடந்தன. அதன் பின் இரண்டும் பிரிந்துவிட்டன.

பிரித்தது பூமியின் தள்ளாட்டம். வேகம் குறைந்த பம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சுழன்றுகொண்டே தலையை மெல்ல வட்டமாக ஆட்டும். பூமியின் அச்சும் அப்படியே ஆடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. பருவங்கள் அச்சின் சாய்வால் வருகின்றன. அச்சு ஆடும்போது பருவங்களின் தொடக்கமும் நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்லப் பின்வாங்குகிறது. ஆகவே இரண்டு வகை ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு பருவத்திலிருந்து அதே பருவத்துக்கு வர 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 வினாடி. ஒரு நட்சத்திரத்திலிருந்து அதே நட்சத்திரத்துக்கு வர 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 வினாடி. வித்தியாசம் 20 நிமிடம் 24 வினாடி. கிரிகோரி பருவத்தைப் பிடித்துக்கொண்டார். நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம் 72 ஆண்டுகளில் ஒரு நாளாகிறது. (பழைய சித்தாந்தங்கள் ஆண்டின் நீளத்தை இன்னும் சில நிமிடம் கூட்டியே வைத்திருக்கின்றன, அவற்றின்படி சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள்.)

சான்று வேண்டுமா? சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863இல் மகர சங்கராந்தி நாளில். அன்று தேதி ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15. ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்துச் சித்திரை ஏப்ரல் 9 என்று முன்பு சொன்னேன் அல்லவா? இன்று ஏப்ரல் 14. நாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

'அப்படியானால் நாம் தப்புத்தானே சார்?' என்றான் பையன்.

பண்டிகை தப்பில்லை தம்பி, நீ சொன்ன வாக்கியம்தான் தப்பு என்றேன். 'சூரியன் நட்சத்திரக் கணக்கில் மகர ராசிக்கு வரும் நாள்' என்று சொல்லியிருந்தால் பாரிஸ் பிள்ளை வாயை மூடியிருப்பான். சம்பா அறுத்து வீட்டுக்கு வரும் நாள் என்று சொல்லியிருந்தாலும் சரிதான். புதுப்பானை டிசம்பர் 22ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை, நெல்லைத்தான் எதிர்பார்த்தது. தவிர, பூமியின் பாதை ஒரு வளையம். வளையத்துக்குத் தொடக்கப் புள்ளி எது? ஜனவரி 1ஆம் நாளில் மட்டும் வானத்தில் என்ன விசேஷம் நடக்கிறது? ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 2008இல் தை முதல் நாளே ஆண்டுப் பிறப்பு என்று சட்டம் வந்தது, 2011இல் நீக்கப்பட்டது. எந்தப் பக்கம் பேசுவோரும் பேசலாம். ஆனால் சாட்சிக்கு வானத்தைக் கூப்பிட முடியாது.

ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. இந்த நகர்வு நிற்காது. இன்னும் இரண்டாயிரம் ஆண்டுகளில் பொங்கல் பிப்ரவரிக்குள் போய்விடும். சித்திரை மே மாதத்துக்குள் போய்விடும். அறுவடையும் பானையும் பிரிந்துவிடும். இதைப் பற்றிக் கவலைப்பட்டவர் இயற்பியல் அறிஞர் மேகநாத சாஹா. நட்சத்திரங்களின் வெப்பநிலையை அவற்றின் ஒளியிலிருந்து கணிக்கும் சமன்பாட்டைத் தந்தவர். சுதந்திர இந்தியா 1952இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாடெங்கும் வழங்கிய பஞ்சாங்கங்களைத் திரட்டி ஆராய்ந்து, பருவத்தோடு ஒட்டிய ஒரு தேசிய நாட்காட்டியைக் குழு வகுத்தது. 1957 மார்ச் 22இல், சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் நாளாக, அது நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் அரசிதழில் அந்தத் தேதியை இன்றும் அச்சிடுகிறார்கள். ஆனால் அந்தப் புத்தாண்டு நாளில் யாராவது உங்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்களா? எனக்கு யாரும் சொன்னதில்லை. கணக்கில் அதைவிடச் செம்மையானது நம்மிடம் இல்லை. இருந்தும் பானையும் கரும்பும் மாங்காய்ப் பச்சடியும் இல்லாத நாளுக்கு யார் வாழ்த்து அனுப்புவார்கள்? சாஹாவின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. இந்த இடத்தில் அவர் தோற்றார் என்றுதான் சொல்லவேண்டும்.

பையன் அன்றிரவே பாரிஸுக்குப் பேசினான். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த டிசம்பர் 22ஆம் நாள் இவன் இங்கே ஒரு மீட்டர் குச்சி நடுவது, அவன் அங்கே ஒன்று நடுவது. பாரிஸ் வடக்கே 48.9 பாகையில் இருக்கிறது. அங்கே அன்று நடுப்பகல் நிழல் மூன்று மீட்டருக்கு மேல் நீளும், வெயில் அடித்தால்! இங்கே 71 சென்டிமீட்டர்தான். இரண்டு நிழல்களிலிருந்தும் சூரியனின் உயரத்தைக் கண்டு, அந்தக் கோணங்களின் வித்தியாசத்தை எடுத்தால் அது இரண்டு ஊர்களின் அட்சரேகை வித்தியாசமான 37 பாகைக்குச் சமமாக வரவேண்டும்.

குச்சி இப்போதே ஆயா வீட்டு மொட்டை மாடியில் தயாராக இருக்கிறது. துணி உலர்த்தும் கொடிக்குக் கால் கிடைத்தது என்று ஆயா அதை எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பையனுக்கு இப்போது பெரிய வேலை.